வலது காலும் வண்டியைத் திருப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி வழியாகப் பெருநாழிக்குப் போகும் சாலையில் ஓடுகிற அரசுப் பேருந்து, லாரி, குட்டியானை, பொலிரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எஞ்சின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுபவை பின்சக்கரங்கள். வலுவான பின்சக்கர வண்டியை அடக்கி ஓட்டுவது என்றதும் வெளிநாட்டுப் பந்தயக் கார்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கரிசல் காட்டு ஊர்களில் அது அன்றாடக் காரியம். இத்தனை காலம் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியிருக்கவில்லை. சாலையின் பிடிப்பை மீறுகிற அளவுக்கு அந்த வண்டிகளில் சக்தி இருந்ததில்லை. அந்த நிலைமை மாறிவிட்டது.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர வண்டிகளே. அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் சக்தி ஏறத்தாழ 50 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அது முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. பிறகு வந்த சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை அதே வழியில் போனதால், இன்றைய நடுவயதுக்காரர்களில் பலர் ஓட்டக் கற்றதே முன்சக்கர வண்டியில்தான். இதற்கிடையே பின்சக்கர வண்டிகள் மறைந்துவிடவில்லை, வலுத்தன. ஸ்கார்பியோ-என் டீசல் வண்டி 175 குதிரைத்திறனைத் தொட்டது. 2024 நவம்பர் 26 அன்று மஹிந்திரா நிறுவனம் சென்னையில் அறிமுகப்படுத்திய பிஇ 6 என்ற மின்காரின் மோட்டார் பின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. உயர்ந்த வகையில் அதன் சக்தி 210 கிலோவாட், அதாவது 282 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 6.7 வினாடியில் 100 கி.மீ. வேகம் என்று நிறுவனம் சொல்கிறது. பழைய ஓட்டுநருக்குப் பின்சக்கரம் பழக்கம், இந்தச் சக்தி புதிது. இளைய ஓட்டுநருக்குச் சக்தி ஓரளவு பழக்கம், பின்சக்கரம் புதிது. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் பாடமும் இல்லை, வண்டியும் இல்லை. இந்த இடைவெளியைத் துணிச்சலால் நிரப்பலாம், கைத்திறனால் நிரப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டாலும் முடியாது என்பதே என் வாதம். பின்பக்கம் வீசிய வண்டியை மீட்கும் வித்தைக்குப் பொதுச்சாலையில் இடமில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், வளைவுக்குள் வலது காலை அசையாமல் வைத்திருப்பதும் மட்டுமே அங்கே செல்லுபடியாகும் கட்டுப்பாடு. காரணம் டயரில் இருக்கிறது.

இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 500 கிலோவைத் தாங்குகிறது. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால், டயர் தரையில் பதியும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். விரித்த கையின் அளவைவிடச் சற்று பெரிது, அவ்வளவுதான். முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது என்று வண்டி செய்யும் எந்தக் காரியமும் இந்த நான்கு கையளவு ரப்பரின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். டயர் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது அதன்மேல் இறங்கும் எடையில் ஒரு பங்கு. காய்ந்த தார்ச்சாலையில் அந்தப் பங்கு 0.8 அளவு, நனைந்த சாலையில் 0.5 அளவு, சேறும் மணலும் மூடிய இடத்தில் 0.3, அதற்கும் கீழே. பாடப்புத்தகத்தில் உராய்வுக் குணகம் என்று படித்தது இதுதான். பலரும் கவனிக்காத விஷயம், முன்னோக்கித் தள்ளுவதற்கு ஒரு பிடிப்பும் பக்கவாட்டில் நிற்பதற்கு வேறொரு பிடிப்புமாக டயரிடம் இரண்டு கையிருப்பு இல்லை என்பது. இருப்பது ஒன்றே; இரண்டு வேலையும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய பொறியாளர் வூனிபால்ட் காம் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வட்டத்தின் ஆரம் டயரின் மொத்தப் பிடிப்பு. பக்கவாட்டு விசை, முன்பின் விசை இரண்டையும் பித்தாகரஸ் தேற்றப்படி சேர்த்தால் வரும் அளவு அந்த வட்டத்துக்குள் இருக்கும்வரை டயர் சொன்னபடி கேட்கும். வட்டத்தைத் தாண்டினால் சறுக்கும்.

முன்சக்கர வண்டி மாட்டு வண்டி மாதிரி முன்னாலிருந்து இழுக்கப்படுகிறது, அதனால் நேராக வரும். பின்சக்கர வண்டி பின்னாலிருந்து தள்ளப்படுகிறது, அதனால் கோணும் என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. மாடு வண்டியோடு நுகத்தடியில் பிணைந்திருக்கிறது, எந்தப் பக்கமும் திரும்பக்கூடியது. காரின் பின்சக்கரங்களோ உடலோடு நேராகப் பொருத்தப்பட்டவை. உடல் எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையில்தான் தள்ளும். தள்ளுவதால் மட்டும் எந்த வண்டியும் கோணுவதில்லை. உண்மையான காரணம் வேலைப் பங்கீடு. எந்த வண்டியிலும் பின் டயர்களுக்கு அம்பின் வாலில் கட்டிய இறகின் வேலை உண்டு; வண்டியின் பின்பக்கம் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது அவைதான். முன்சக்கர வண்டியில் பின் டயர்களுக்கு இதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. பின்சக்கர வண்டியில் தள்ளும் வேலையையும் அவற்றின் தலையிலேயே ஏற்றுகிறோம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, பின்பக்கத்தைப் பிடித்து வைக்கும் பிடிப்பு குறைகிறது. குறைந்தால் வண்டி கூடுதலாகத் திரும்புகிறது. வலது காலும் வண்டியைத் திருப்புகிறது என்று சொல்வது இதனால்தான்.

முன்பக்கம் சறுக்குவதற்கும் பின்பக்கம் சறுக்குவதற்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. முன் டயர் பிடிப்பிழந்தால் வண்டி திரும்ப மறுத்து வெளிப்பக்கம் அகலமாகப் போகும். பயந்த ஓட்டுநர் தன்னியல்பாகக் காலை எடுப்பார். வேகம் குறையும், எடை முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடிப்பு திரும்பக் கிடைக்கும். தவறு தானாகவே சுருங்குகிறது. பின் டயர் பிடிப்பிழந்தால் வண்டி தேவைக்கு மேல் சுழலும். சுழலச் சுழல அது போகும் திசைக்கும் அதன் மூக்கு பார்க்கும் திசைக்கும் உள்ள கோணம் விரியும். கோணம் விரிய விரிய முன் டயர்கள் அதை இன்னும் உள்ளே இழுக்கும். தவறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. உள்ளங்கையில் நிறுத்திய துடைப்பக் குச்சி சாய ஆரம்பித்தால் என்ன நடக்குமோ அதுதான்.

சில எண்களைப் போட்டுப் பார்த்தால் இது பேச்சளவில் நிற்காது. பிஇ 6 மின்காரின் 6.7 வினாடியில் 100 கி.மீ. என்றால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பில் 0.42 பங்கு. அந்த முடுக்கத்தைக் கொடுப்பவை பின் டயர்கள் மட்டுமே. முடுக்கும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்தால் அவை தாங்குவது மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம். 0.42-ஐ 0.6-ஆல் வகுத்தால் 0.7. காய்ந்த, நேரான சாலையிலேயே பின் டயரிடம் இருக்கும் 0.8-இல் 0.7 செலவாகிவிடுகிறது. நனைந்த சாலையில் இருப்பது 0.5, நேராகப் போனாலும் அது பற்றாது. இனி வளைவுக்கு வருவோம். 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 72 கி.மீ. வேகத்தில் போக, பக்கவாட்டில் 0.51 பங்கு பிடிப்பு வேண்டும். சாலை காய்ந்திருந்தால் தள்ளுவதற்கு இன்னும் 0.6 மிச்சம். நனைந்திருந்தால் மிச்சமே இல்லை. ஆக்சிலேட்டரில் கால் பட்டாலே பின்பக்கம் வீசும். அதே நனைந்த வளைவில் 60 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டுத் தேவை 0.35-ஆகக் குறைகிறது, தள்ளுவதற்கு 0.35 மிஞ்சுகிறது. 12 கி.மீ. வேகம் குறைத்ததற்கு டயர் திருப்பித் தந்தது தன் பிடிப்பில் 70 சதவீதத்தை. தேவை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் வரும் கொடை இது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இப்படி ஒரு டயர் கடையில் கிடைக்காது. இதே இடத்தில் பழைய அம்பாசிடரை நிறுத்திப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் அதன் எஞ்சின் முழு மூச்சில் தள்ளினாலும் பின் டயர்களிடம் கேட்பது 0.3 அளவே. மிச்சமிருந்த 0.35-க்குள் அது அடங்கிவிடுகிறது. நம் அப்பாக்கள் அம்பாசிடரில் மழைச்சாலையைக் கடந்ததற்கு அவர்கள் கைத்திறன் ஒரு காரணம். எஞ்சினின் பலவீனம் பெரிய காரணம். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி இன்றைய வண்டியில் ஏறுவது ஆபத்து.

இந்தக் கணக்கை நல்ல சாலைக்குத்தான் போட்டேன். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்கு அது பொருந்தும். அதிலிருந்து இறங்கித் திருச்சுழிப் பக்கத்துச் சாலைகளுக்குள் வந்தால் 0.8, 0.5 என்ற எண்களை நம்ப முடியாது. கரிசலின் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் மிகுதி. அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டது அது. தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த மண்ணின்மேல் போட்ட தார்ச்சாலை சில ஆண்டுகளிலேயே அலையலையாக மேடு பள்ளம் காட்டுவது இதனால்தான். ஒரு மேட்டின் உச்சியை வேகமாகக் கடக்கும்போது டயரின்மேல் இறங்கும் எடை ஒரு கணம் குறையும். எடை பாதியானால் பிடிப்பும் பாதி. ஐப்பசியில் வயலிலிருந்து ஏறி வரும் டிராக்டர் சாலையில் அப்பிவிட்டுப் போகும் கரிசல், முதல் தூறலில் தார்மேல் பூசிய எண்ணெயாகிறது. நன்றாகப் பெய்த பிறகு சாலை கழுவப்படும். ஆபத்து கூடுதலாக இருப்பது தூறலின் தொடக்கத்தில். மழை போய் அறுவடைக் காலம் வந்தால் குதிரைவாலியும் சோளமும் உளுந்தும் மல்லியும் சாலையில் காயும். களத்துமேடு இல்லாத ஊரில் விவசாயி வேறு எங்கே கொட்டுவார்? அந்தத் தானியமும் தட்டையும் டயருக்கும் தாருக்கும் நடுவே கோலிக்குண்டுகளாக உருளும். வளைவில் பாதி அகலத்துக்குத் தானியம் கிடந்தால், இடது டயர்களுக்கு ஒரு பிடிப்பு, வலது டயர்களுக்கு வேறு பிடிப்பு. பந்தய மைதானத்தில் ஓட்டுபவருக்கும் இது எளிதான சாலை அல்ல.

ஆபத்தை உணர்ந்ததும் காலைச் சட்டென்று எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். முன்சக்கர வண்டியில் பழகியவர்களுக்கு அதுதான் அனிச்சைச் செயல். பின்சக்கர வண்டியில் அதுவே வினையாகலாம். காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்ந்து பின் டயர் இலேசாகிறது. டீசல் வண்டியில் கியரையும் படாரென்று குறைத்தால், எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும்; ஓடும் வண்டியில் கைப்பிரேக்கைப் பாதி இழுத்தது போல. மின்காரில் இது இன்னும் கூர்மை. காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். மோட்டார் பின் அச்சில் மட்டும் இருக்கும் வண்டியில் அந்தத் தடையும் பின் டயருக்கே விழுகிறது. இலேசான டயரில் கூடுதல் இழுப்பு. ஆக, மிதித்தாலும் தவறு, எடுத்தாலும் தவறு என்று ஆகிவிடுகிறதா? திடீரென்று செய்தால் இரண்டுமே தவறு. எதுவாக இருந்தாலும் மெல்லச் செய்வதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் கிடைப்பது வளைவுக்கு முன்னால்தான். மின்காரோ ஸ்கார்பியோவோ இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பருத்தியும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போகும் குட்டியானையின் பின் டயர்கள் பாரத்தால் நன்றாக அழுந்தியிருக்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கத்தில் எடை இல்லை. காற்று மட்டும் பாரத்துக்கு ஏற்ற அளவில் இறுக்கமாக இருக்கும். காலையில் அடங்கி ஓடிய அதே வண்டி, சாயங்காலத் தூறலில் சின்ன பிரேக்குக்கே வாலை வீசும்.

பின்பக்கம் வீசினால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்பிச் சரிசெய்யலாம், அதைக் கற்றுக்கொள்வதுதானே திறமை என்று கேட்பவர்களின் வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மையான திறமை. 1990-இலிருந்து இயங்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடத்தில், வெளியே போனாலும் மோதாத அகலத்தோடு, தலைக்கவசத்தோடு, எதிரே யாரும் வராத உறுதியோடு அதைப் பயிலலாம், பயில்வது நல்லதும்கூட. ஆனால் பொதுச்சாலையின் அகலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒருவழித்தடச் சாலைக்கு 3.75 மீட்டர், இடைநிலைச் சாலைக்கு 5.5 மீட்டர், இருவழித்தடத்துக்கு 7 மீட்டர். 4.4 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கார் 45 பாகை திரும்பிச் சறுக்கினால், குறுக்கே அது அடைக்கும் இடம் 4.4 மீட்டருக்கு மேல். ஒருவழித்தடச் சாலையில் அது ஏற்கெனவே வெளியே போயிற்று. 5.5 மீட்டர் சாலையில் எதிரே வரும் இருசக்கர வண்டிக்கு மிச்சம் ஒரு மீட்டர். 72 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் உணர்ந்து கையைத் திருப்ப அரை வினாடி எடுத்தாலும் வண்டி 10 மீட்டர் போயிருக்கும். தாமதமாகத் திருப்பிய ஸ்டீயரிங்கைத் தாமதமாகவே நேராக்கினால், பிடிப்பு திரும்பிய கணத்தில் வால் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும். பல வண்டிகள் கவிழ்வது இந்த இரண்டாவது வீச்சில். சாலையோரம் மழையில் ஊறிய கரிசலாக இருந்தால், பக்கவாட்டில் சறுக்கி வரும் டயர் அதில் கத்தியாக இறங்கும். சக்கரம் நின்றுவிடும், உயரமான உடல் நிற்காது. உயரமான எஸ்.யு.வி. வகை வண்டிகள் உருளுவது பெரும்பாலும் இப்படி எதிலாவது இடறித்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதே? உண்மை, பார்த்துக்கொள்கிறது. 1995-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த ஈ.எஸ்.சி. என்னும் நிலைப்புக் கட்டுப்பாடு, ஸ்டீயரிங் கேட்கும் திசையையும் வண்டி சுழலும் வேகத்தையும் இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு தெரிந்தால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, எஞ்சினின் சக்தியையும் குறைத்து வண்டியை நேராக்குகிறது. நான்கு சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் போட மனிதனுக்கு நான்கு கால்கள் இல்லை. ஒற்றை வண்டி தானாகச் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளில் ஏறத்தாழ பாதியை இது குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே 2012 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம். இருக்கைப் பட்டைக்கு அடுத்து உயிர் காத்த கண்டுபிடிப்பு இதுதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வண்டி வாங்குபவர்கள் சன்ரூஃபைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். ஆனாலும் அது வேலை செய்வது அதே நான்கு கையளவு ரப்பரின் வழியாகத்தான். இருக்கும் பிடிப்பை அது நன்றாகப் பங்கிடும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது. 80 மீட்டர் வளைவில், நனைந்த சாலையில், 90 கி.மீ. வேகத்தில் நுழைந்தால் தேவைப்படும் பிடிப்பு 0.8, இருப்பது 0.5. கம்ப்யூட்டர் உங்கள் மூக்கை நேராக வைத்திருக்கும். நேராகவே வயலுக்குள் போவீர்கள். நுழையும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தது ஓட்டுநர். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 71.2 சதவீதம் பேரின் மரணத்தை மிகைவேகத்தின் கணக்கில் மத்திய அரசின் அறிக்கை சேர்த்தது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. ஈ.எஸ்.சி.யை நிறுத்தி வைக்கும் பொத்தான் சில வண்டிகளில் இருக்கிறது. சேற்றிலோ மணலிலோ சிக்கிய வண்டியை வெளியே எடுப்பதற்காக வைத்தது அது. அதை அழுத்திவிட்டு ஊர்ச்சாலையில் டயர் தேய வட்டமடிப்பவர்கள் திறமை காட்டவில்லை. தங்களுக்காக உழைத்துக்கொண்டிருந்த ஒரே ஆளை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

கனமான வண்டி சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. எடை இரட்டித்தால் பிடிப்பும் ஏறத்தாழ இரட்டிக்கும். வளைவில் அதைத் திருப்பத் தேவையான விசையும் இரட்டிக்கும். லாபம் ஒன்றுமில்லை. அப்படியானால் பின்சக்கர இயக்கத்தையே விட்டுவிடலாமே என்றால், பாரம் ஏறும்போது எடை இறங்குவது பின்னால்; தள்ளும் சக்கரமும் அங்கே இருந்தால்தான் மேட்டில் வண்டி ஏறும். லாரிகள் அப்படி இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்ப்பதால் ஸ்டீயரிங்கும் துல்லியமாக இருக்கும். குறை வண்டியின் வடிவமைப்பில் இல்லை.

செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. பிரேக்கை நேரான சாலையிலேயே முடித்துவிடுவது. வளைவுக்குள் நுழையும்போது கால் ஒரே அழுத்தத்தில் இருப்பது. ஸ்டீயரிங் நேராக நேராக மட்டுமே ஆக்சிலேட்டரைக் கூட்டுவது. மின்காரில் மழை நாளில் சாந்தமான ஓட்டமுறையையும், காலை எடுக்கும்போது வரும் தடையின் குறைந்த அளவையும் தேர்ந்தெடுப்பது. மீறிப் பின்பக்கம் அசைந்துவிட்டால், கண்ணை மோதப்போகும் மரத்தில் வைக்காமல் போக வேண்டிய சாலையில் வைப்பது, கை அந்தப் பக்கம் போக, காலை மெல்லத் தளர்த்துவது. டயர் விஷயத்தில் ஒரு பழைய வழக்கத்தை மாற்றியாக வேண்டும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை முன்னால் போடுவதுதான் பல கடைகளில் வழக்கம். முன்சக்கர வண்டியோ பின்சக்கர வண்டியோ, புது ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். ஈரச்சாலையில் முதலில் வழுக்கக் கூடாதது பின்பக்கம். காருக்குச் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. ஆழப் பள்ளம். மழைநீரை வெளியே தள்ள அது பற்றாது. ஐப்பசித் தூறல் விழுவதற்கு முன் உங்கள் வண்டியின் பின் டயர்களைக் குனிந்து பாருங்கள். பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.